தட்டை நான்தான் மாற்றுவேன்

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த பையன் நலமாகத்தான் இருப்பான். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறந்ததும் நீ பழசை விடச் சொல்வாய், நான் சத்தம் போடுவேன், சென்னையில் திடீரென்று உனக்கு டவர் கிடைக்காமல் போய்விடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது, வழிமுறையும் வேண்டும் என்று பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தியவள். அதனால் இதுவும் நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி. படித்துவிட்டு யாரிடம் காட்டுவாய் என்பது உன் விருப்பம். உன் வருங்கால மாமனாரிடமே காட்டினாலும் எனக்குச் சம்மதம்தான்.

நேற்றுக் காலை உன் பெரியப்பா நம் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். அப்போதே ஏதோ சங்கதி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கடைசியில் சொன்னார்: "கோவப்படாத தாயி. டாக்டர் வீட்டுல இருந்து பேசுனாக. தட்டு மாத்துறப்ப நானும் உங்க அக்காவும் தம்பதியா நின்னா மங்கலமா இருக்கும்னு பிரியப்படுறாக. நீ முன் வரிசையில உக்காந்து நல்லாப் பாத்துக்க." நான் காபி ஆறுகிறது என்று மட்டும் சொன்னேன். சண்டை இல்லாமல் முடிந்ததே என்று அவர் நிம்மதியாக எழுந்து போனார். உன் அம்மாவை அவருக்கு இத்தனை வருஷமாகியும் தெரியவில்லை, பாவம்.

பெற்ற மகனின் நிச்சயத் தாம்பூலத்தை அம்மா தொடக் கூடாது, ஏனென்றால் அவள் தாலி இல்லாதவள். இந்த வழக்கம் நம் பக்கம் ஒன்றும் புதிதல்ல. வேறு எந்த வீட்டிலிருந்து இப்படிச் சொல்லி அனுப்பியிருந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் சொல்லி அனுப்பியவர் யார்? ஒத்தக்கடைக்கு முன்னால், மேலூர் ரோட்டில், கீழே ஸ்கேன் சென்டரும் மேலே நர்ஸிங் ஹோமும் வைத்திருக்கிற அந்த டாக்டர், உன் வருங்கால மாமனார். உன் அப்பா முதன்முதலில் வாயைத் திறந்து தொண்டையைக் காட்டியது அவரிடம்தான். என் நெற்றி ஏன் வெறுமையாக இருக்கிறது என்பது இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரிவதைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அதை அவருக்கு நினைவுபடுத்தத்தான் போகிறேன். அதற்கு முன்னால் நீ எல்லாவற்றையும் ஒழுங்காகத் தெரிந்துகொள். அந்த நாட்களில் நீ அங்கேதான் இருந்தாய், ஆனால் உன் கண் வேறு பக்கம் இருந்தது.

உன் அப்பா காய்கறி மண்டியில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர். விடியற்காலையில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று அவர் விலை கூறினால் ரோட்டில் போகிற பஸ்காரன் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரல் கரகரத்தபோது யாரும் பயப்படவில்லை. கத்திக் கத்தித் தேய்ந்துவிட்டது என்று மண்டியே கேலி செய்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். பனங்கற்கண்டும் மிளகும் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தே நான் காலத்தை ஓட்டினேன். கரகரப்பு அடங்கவில்லை என்றதும்தான் மேலூர் ரோட்டுக்குப் போனோம். அங்கே வந்துபோகிற காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் சின்னதாக ஒரு வளர்ச்சி இருக்கிறது என்று சதை எடுத்து அனுப்பினார். புற்றுநோய் என்று வந்தது. ஆனால் ஆரம்பம்தான், கரண்ட் வைத்தால் குரல்கூடப் போகாமல் சரியாகிவிடும் என்று அவரே என்னிடம் சொன்னார். ரேடியேஷனை நம் ஜனங்கள் கரண்ட் என்றுதானே சொல்கிறோம். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் நான் மாடியிறங்கினேன்.

கரண்ட் வைக்கிற மெஷின் அந்த நர்ஸிங் ஹோமில் கிடையாது. அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் இருந்தது. பஸ் ஏறினால் போய்விடலாம். செலவும் இல்லை. அன்றைக்கே ஒரு சீட்டு எழுதி, ஒரு போனைப் போட்டு, "இவரை அனுப்புகிறேன், பாருங்கள்" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். உன் மாமனார் அதைச் செய்யவில்லை. முதலில் கீமோ மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்குவோம் என்றார். நம் கையில் அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தது. அட்மிஷன் போட்டால் அந்த அட்டையிலிருந்து பணம் வரும். ஸ்கேன் எடுத்தால் வரும். பாட்டில் ஏற்றினால் வரும். இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவதற்கு அந்த அட்டையில் ஒரு பைசா வராது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகு நாள் பிடித்தது. அவர் கொலைகாரர் இல்லை, தம்பி. எதற்குப் பணம் வருகிறதோ அதைச் செய்தார், எதற்கு வராதோ அதைச் செய்யவில்லை. பெரியாஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் வாசலுக்கு வந்தவர்களைப் பார்த்தார்கள். வராதவனைத் தேடிப் போக அவர்களுக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அட்டை கொடுத்த அரசாங்கம் பில்லைப் பார்த்துப் பணம் அனுப்பியது. அவரவர் பங்குக்கு எல்லாம் சரியாகத்தான் நடந்தது. நடுவில் விட்டுப்போனதெல்லாம் நம் வீட்டுத் தலையில் வந்து விழுந்தது. அட்டை தீரும்வரை உன் அப்பா அந்தக் கட்டிலில் ஏறி ஏறி இறங்கினார்.

அந்த வார்டுக்குக் கீழே, மாடிப்படி ஓரத்தில் இருந்த மருந்துக் கவுண்டரில்தான் நீ அந்தப் பெண்ணைப் பார்த்தாய். பார்மஸி படித்துவிட்டுத் தன் அப்பாவின் மருந்துக் கடையில் உட்கார்ந்திருந்தவள். மருந்து வாங்கிவரப் போனவன் ஏன் இம்புட்டு நேரம் வரவில்லை என்று உன் அப்பா கரகரத்த குரலில் கேட்பார். கூட்டமாக இருக்கும் என்று நான் சொல்வேன். கூட்டம் எதுவும் இல்லை என்பது இப்போதுதானே தெரிகிறது. இதைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. கொஞ்சம் குத்தத்தான் எழுதுகிறேன்.

அட்டை தீர்ந்த அன்றைக்கே டிஸ்சார்ஜ். இனிமேல் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கரண்ட் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஏதோ அடுத்த கடையில் கொத்தமல்லி வாங்கிக்கொள்ளச் சொல்வதைப் போலச் சொன்னார்கள். கையில் கொடுத்த தாளில் என்ன நோய், என்ன மருந்து என்று உருப்படியாக ஒன்றும் இல்லை. அதையும் உன் பெரியப்பா மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "பிரைவேட்ல பாத்தோம்னு மட்டும் சொல்லிராதீக. காசு தீந்ததும் இங்க வாரீகளான்னு ஏசுவாக, ஒழுங்காப் பாக்க மாட்டாக" என்றார். நம்மூரில் யாரைக் கேட்டாலும் இந்தப் புத்திமதியைத்தான் சொல்வார்கள். தனியாரிடம் போனால் அரசாங்கத்தில் பார்த்ததை மறைப்பது, அரசாங்கத்துக்கு வந்தால் தனியாரை மறைப்பது, இரண்டு பேரிடமும் நாட்டு மருந்தை மறைப்பது. மருந்தில் முடி கொட்டி உன் அப்பா தலை மொழுமொழுவென்று இருந்தது. பெரியாஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டபோது பெரியப்பா கொஞ்சமும் யோசிக்காமல், பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தோம் என்று சொன்னார். உன் அப்பாவும் பக்தியோடு தலையாட்டினார்.

அந்த மொட்டைதான் எங்களைக் கவிழ்த்தது. ஏற்றிய மருந்தில் கட்டி மேலாக மட்டும் கருகிச் சுருங்கியிருந்தது. மருந்து ஏற்றிய விஷயமே தெரியாமல் அவர்கள் புதிதாகச் சதை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. நோய் இருக்கிறது என்று காகிதத்தில் இல்லாமல் கரண்ட் வைக்க முடியாது. பொறுத்திருந்து மறுபடி எடுத்தார்கள். அப்போதும் தெளிவாக வரவில்லை. பெரியப்பாவோ கோயிலுக்கு நேர்ந்தது வீண்போகவில்லை என்று பூரித்துப்போனார். எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த முறை போனபோது அந்த டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். அவர் ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "இதைச் சொல்றதுக்கா இத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார். முதலில் எடுத்த சதையை மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டையாக வைத்திருப்பார்கள், அதையும் ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லையும் வாங்கி வந்துவிடுங்கள், நாங்களே பார்த்து உடனே ஆரம்பித்துவிடுகிறோம் என்றார்.

நான் அங்கிருந்து நேராக மேலூர் ரோட்டுக்குப் போனேன். லேப் வெளியே இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். நாளைக்குப் போனால் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை என்றார்கள். பிறகு ரிப்போர்ட்டைத் தேடுகிறோம் என்றார்கள். கடைசியில் டாக்டர் அறையிலேயே நுழைந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கட்டையையெல்லாம் வெளியே கொடுப்பது வழக்கமில்லை என்றார். பிறகு மனசாரச் சொல்வதைப்போல ஒரு வார்த்தை சொன்னார்: "உங்க கார்டுல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்திருந்தா நானே பாத்திருப்பேன் டீச்சர்." இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். அந்த வருத்தத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அந்தக் கட்டை கடைசிவரை என் கைக்கு வரவில்லை. உன் அப்பாவைத் தத்தனேரிச் சுடுகாட்டில் எரித்துவிட்டோம். எரியாமல் அவருடையது என்று இந்தப் பூமியில் மிச்சமிருப்பது அந்தச் சின்னத் துண்டு ஒன்றுதான். அதுவும் அவர்களிடம்தான் இருக்கிறது.

மீதிக் கதை உனக்குத் தெரியும். மூன்றாவது தடவை எடுத்ததில் நோய் பிடிபட்டபோது அது குரல் நாணைத் தாண்டியிருந்தது. கரண்ட் மட்டும் போதாது, குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். அதன்பிறகு அவர் வீட்டுக்குள் என்னைக் கூப்பிட ஒரு சில்வர் டம்ளரைத் தட்டுவார். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கழுத்துத் துளைமேல் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருநாள் மண்டிக்குக் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். முதலாளி பழைய மரியாதைக்கு அவரைப் பெட்டிமேல் ஏறி நிற்கச் சொன்னார். உன் அப்பா விரலைக் காட்டி விலை கூறினார். சுற்றி நின்ற வியாபாரிகள், எப்போதும் அடித்துப் பிடித்துக் கத்துகிறவர்கள், அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை. அவர் காட்டிய விலைக்கே தலையாட்டினார்கள். அவர் பெட்டியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. சாகும்வரை உன் கல்யாணத்தைப் பற்றி மட்டும் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். உனக்கு வீடு கட்ட வைத்திருந்த இடத்தை வைத்தியத்துக்காக விற்றதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

அவர் போனபிறகு வக்கீலைப் பார்த்தேன். எல்லாத் தாளிலும் நம் கையெழுத்து இருக்கிறது, மருந்து ஏற்றியது தப்பு என்று நிரூபிக்க இன்னொரு டாக்டர் வந்து சொல்ல வேண்டும், யாரும் வர மாட்டார்கள் என்றார். சரி, கோர்ட்டுக்குப் போனால்தானா என்று விட்டுவிட்டேன். பழிவாங்குவது தப்பு என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள்தான் நான். அது சின்னப் பிள்ளைகளுக்கான பாடம். ஓய்வு பெற்ற மறுவாரமே அந்த நர்ஸிங் ஹோம் எதிரில் இருக்கிற பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார ஆரம்பித்தேன். தண்ணீர் பாட்டில், விசிறி, ஒரு குடை. பஸ்ஸிலிருந்து துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு யார் இறங்கினாலும், கையில் ஸ்கேன் கவரோடு யார் நின்றாலும், எங்கிருந்து வருகிறீர்கள், என்ன உபத்திரவம் என்று பேச்சுக் கொடுப்பேன். இந்த நோய் என்றால், கட்டையையும் சில்லையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள், அட்டையைக் கரைக்காதீர்கள், எங்கே பார்த்தோம் என்பதை யாரிடமும் மறைக்காதீர்கள், கரண்ட் எங்கே இருக்கிறது தெரியுமா என்று சொல்லி பஸ் ஏற்றிவிடுவேன். டாக்டர் வாட்ச்மேனை விட்டு விரட்டப் பார்த்தார். பஸ் ஸ்டாப் அவர் அப்பன் வீட்டுச் சொத்தா? இப்போது அந்த வாட்ச்மேனும் நானும் ஒன்றாகத்தான் டீ குடிக்கிறோம்.

கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கடலைக் காட்டில் வேலை செய்கிறவள். உன் அப்பாவுக்கு இருந்த அதே கரகரப்பு. நான் சொன்னபடியே கேட்டு, கட்டையை வாங்காமல் அந்த வாசலைவிட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்து, வாங்கிக்கொண்டு போனாள். போன மாதம் என்னைத் தேடிக்கொண்டு அதே பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். "கரண்டு வச்சு முடிஞ்சிருச்சு டீச்சர், இப்ப மாட்டை அதட்டுனா மாடு திரும்புது" என்றாள். குரல் கணீரென்று இருந்தது. எனக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதபோது வந்தது சந்தோஷம் இல்லை. இம்புட்டுத்தானா, இவ்வளவு சுலபமான காரியமா இது என்ற ஆத்திரம்தான் வந்தது.

உன் காதலை அந்த மனுஷர் ஏன் இத்தனை சீக்கிரம் ஒப்புக்கொண்டார் என்று நீ யோசித்தாயா? சம்பந்தி ஆகிவிட்டால் டீச்சர் பஸ் ஸ்டாப்பில் உட்கார மாட்டார் என்று அவர் வாய்விட்டே சொல்லியிருக்கிறார். உன் பெரியப்பா அதைப் பெருமையாக என்னிடம் வந்து சொன்னார். சென்னையில் உனக்கு ஒரு வீடு வாங்கித் தருவதாகவும் பேச்சாம். தம்பி, அந்த வீட்டை வாங்காதே. அதன் ஒவ்வொரு அறையிலும் உன் அப்பா ஒரு முறை அட்மிஷன் ஆகியிருக்கிறார். வாடகை வீட்டில் இருந்துகொண்டு மனைவியோடு மானமாகச் சாப்பிடு. நான் பஸ் ஸ்டாப்பை விடப் போவதில்லை. கல்யாணத்துக்கு மறுநாளும் போவேன், பேரன் பிறந்தால் அவனையும் தூக்கிக்கொண்டு போவேன்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. பழங்காநத்தத்தில் நம் வீட்டுக்கு அவள் வந்தபோது நீ சொன்னதைவிட நல்ல பெண் என்று தெரிந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபிறகு, உங்கள் அப்பா ஏன் அந்தக் கட்டையைத் தரவில்லை என்று நேராகவே கேட்டேன். அப்பாவை விட்டுக்கொடுக்காமல் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "பயம், அத்தை. கட்டையைப் பாத்தா ஆரம்பக் கட்டம்னும், மருந்தே ஏத்தியிருக்க வேண்டாம்னும் பெரியாஸ்பத்திரியில தெரிஞ்சுரும்ல" என்றாள். பிறகு என் தட்டையும் சேர்த்து எடுத்துப் போய்க் கழுவி வைத்தாள். அவளை நீ கட்டிக்கொள். கண்கலங்காமல் பார்த்துக்கொள். நான் வாங்கப்போகிற பழியில் அவளுக்குப் பங்கில்லை என்பதை அவளிடம் நீயே சொல்லிவிடு.

ஞாயிற்றுக்கிழமை நான் முன் வரிசையில் உட்கார மாட்டேன். வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், புடவை வைத்த நம் வீட்டுத் தட்டை நானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சபை நடுவில் போய் நிற்பேன். பெரியப்பா இழுத்தாலும் நகர மாட்டேன். நீ எழுந்து வந்து, "அம்மா, வேண்டாம்" என்று கெஞ்சினாலும் கேட்கப் போவதில்லை. அதனால் வராதே. அவர் எழுந்து வந்து, இத்தனை பேர் பார்க்க, என் கையிலிருந்து அதை வாங்க வேண்டும். வாங்கினால் நிச்சயம் நடக்கும், நான் வாயைத் திறக்க மாட்டேன், பந்தியில் உட்கார்ந்து பாயசம்கூடக் குடிப்பேன். தயங்கினால் கேட்கப்போவது இதைத்தான். இப்போதே படித்து வைத்துக்கொள்.

"தாலி அறுத்தவ கை ஆகாதுன்னு சொல்லி விட்டீகளாம் டாக்டரய்யா. அறுத்தது யாருன்னு சபையில சொல்லட்டுமா, இல்ல தட்ட வாங்கிக்கிறீகளா?"

உன் அம்மா